இலைக்கு ஒரு கட்டளை, பாலுக்கு ஒரு கட்டளை

புதுப் பட்டை திறந்த ரப்பர் மரம் முதல் சில வெட்டுக்குக் கஞ்சத்தனம் காட்டும். பால் பிடிக்கும் மங்கின் அடியை நனைக்கிற அளவுக்குத்தான் பால் வரும், அதுவும் சீக்கிரமே கட்டிவிடும். வெட்ட வெட்டத்தான் கூடும். பேராக்கின் காம்பார், கோப்பெங், தாப்பா வட்டாரத் தோட்டங்களில் நிரை பிடித்து வெட்டியவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். "மரம் பழகணும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த ஜான் பார்க்கின் 1890களின் கடைசியிலேயே இதைக் கவனித்து எழுதினார். பழைய காயத்தை ஒட்டியே மறுபடி மறுபடி காயப்படுத்தினால் பால் குறையத்தானே வேண்டும்? ஏறுகிறதே! துரைமார் அதைத் தெரிந்துகொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டார்கள். காரணத்தைத் தேட அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. மரத்துக்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது. முந்தாநாள் கத்தி பட்டது அதற்கு எப்படித் தெரிகிறது? இதற்குப் பாதி விடை கிடைக்கவே தொண்ணூறு ஆண்டு ஆயிற்று.

கோலகங்சார் ரெசிடென்சித் தோட்டத்தில் ஹியூ லோ 1877இல் ஊன்றிய ஒன்பது கன்றுகளில் தொடங்கிய இந்தத் தொடரில் துரை, கிராணி, கங்காணி, பால்வெட்டுக்காரர் எல்லோரும் வந்துபோய்விட்டார்கள். மரத்துக்குள்ளே போனதில்லை. இந்த வாரம் போகலாம். கூட்டிப்போகிறவர் தோட்டத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு மூலக்கூறு உயிரியலாளர், சுவா நாம் ஹாய்.

சுவா 1944இல் சிங்கப்பூரில் பிறந்தார். ஜப்பான்காரன் காலம். காம்பார் குன்றுகளில் 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் சண்டை நடந்து, பிரிட்டிஷ் படை தெற்கே பின்வாங்கி இரண்டு ஆண்டுதான் கடந்திருந்தது. போர் முடிந்து, காலனி ஆட்சி முடிந்து, மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

அதே ஆண்டு பாரிசைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கப், ஜாக் மோனோ, ஆந்த்ரே லுவோஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவை வைத்து ஜாக்கப்பும் மோனோவும் காட்டியது இது: பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணு பாக்டீரியாவிடம் எப்போதும் இருக்கிறது, ஆனால் சர்க்கரை கிடைத்தால்தான் அது திறக்கிறது, இல்லாதபோது ஒரு புரதம் அதன் வாசலில் உட்கார்ந்து அடைத்துவைத்திருக்கிறது. மரபணு ஒழுங்குபடுத்தல் என்ற துறை இதிலிருந்துதான் கிளம்பியது. ஓர் உயிரின் ஏறக்குறைய எந்தச் செல்லை எடுத்தாலும் முழு மரபணுத் தொகுதியும் உள்ளே இருக்கும். எங்கே, எப்போது, எந்த மரபணு வாசிக்கப்படுகிறது என்பதில்தான் வேர் வேராகவும் இலை இலையாகவும் ஆகிற விஷயம் அடங்கியிருக்கிறது.

சுவா ஹார்வர்டுக்குப் போனார். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியை வைத்து, ஒளிச்சேர்க்கையில் எலெக்ட்ரான் எந்த வழியாக நகர்கிறது என்று ஆராய்ந்து 1969இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டு விரிவுரையாளராக இருந்தார். 1971இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகம். அவர் போய்ச் சேர்ந்தது ஜார்ஜ் பலாடேயின் ஆய்வுக்கூடத்தில், 1974இல் நோபல் வாங்கிய அதே பலாடே. அங்கேயே சுவா பேராசிரியராகி, தாவர மூலக்கூறு உயிரியலுக்கென்று தனிக் கூடத்தையும் நடத்தினார்.

1970களின் பிற்பாதியில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் புரதம் நுழையும் விதம். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் சிறிய பகுதி, பசுங்கணிகத்துக்கு வெளியே தயாராகிறது. தயாராகும்போது முன்னால் ஒரு கூடுதல் துண்டு ஒட்டியிருக்கும். அதைக் காட்டித்தான் பசுங்கணிகத்துக்குள் நுழைய முடியும், நுழைந்ததும் துண்டு வெட்டப்பட்டுவிடும். 1977, 1978 கட்டுரைகளில் இது நிறுவப்பட்டது. முதல் கட்டுரையில் சுவாவோடு கையெழுத்திட்ட குந்தர் புளோபல், புரதங்களின் இந்த முகவரித் துண்டுகளைக் கண்டதற்காக 1999இல் நோபல் வாங்கினார்.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். அந்த ரூபிஸ்கோ துண்டின் மரபணு வெளிச்சத்தில் திறக்கும், இருட்டில் மூடும். வெளிச்சம் பட்டதை டிஎன்ஏயின் எந்தப் பகுதி உணர்கிறது? பயறுவகைச் செடியான பட்டாணியிலிருந்து அந்த மரபணுவை எடுத்து பெட்டூனியா என்ற பூச்செடியின் செல்களுக்குள் வைத்தார்கள். அந்நிய செல்லுக்குள் போயும் பட்டாணி மரபணு வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. 1984இல் சயன்ஸ் இதழில் வந்த இந்தச் சோதனை அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. கட்டளை மரபணுவோடு ஒட்டியே பயணம் செய்கிறது என்று அதற்கு அர்த்தம். பிறகு மரபணுவுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏயைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிப் பார்த்தார்கள். எந்தத் துண்டு போனால் வெளிச்சத்துக்குக் காது கேட்காமல் போகிறது என்று தேடுவதுதான் நோக்கம். மரபணுவுக்கு முன்னே நின்று அதைத் திறக்கும் இந்தப் பகுதிக்குத்தான் புரமோட்டர் என்று பேர்.

1985 பிப்ரவரியில் நேச்சர் இதழில் ஜோன் ஓடெல், ஃபெரென்ஸ் நாகி, சுவா மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு நேர்மாறானது. காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸின் 35எஸ் புரமோட்டரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வெளிச்சம், இருட்டு, வேர், இலை என்ற பேதம் கிடையாது. போகுமிடமெல்லாம் திறந்தே கிடக்கும். வைரஸுக்கு அதுதானே வேண்டும்? சரியான இடத்தில் வாசிப்பு தொடங்க டிஎன்ஏயில் 46 எழுத்து போதும் என்றும், முழு வேகத்துக்கு 343 எழுத்து வரை வேண்டும் என்றும் அவர்கள் காட்டினார்கள். அதன் பிறகு உலகில் எந்தச் செடிக்குள் எந்த மரபணுவைப் புகுத்தினாலும் முன்னால் 35எஸ்ஸைக் கட்டிவிடுவது வழக்கமாகிப் போனது. சோயாவோ சோளமோ மரபணு மாற்றப்பட்டதா என்று சந்தேகம் வந்தால் சோதனைக்கூடங்கள் முதலில் தேடுகிற துண்டுகளில் இது ஒன்று. பின்னால் சுவாவும் ஃபிலிப் பென்ஃபியும் அதைப் பிரித்துப் பார்த்தபோது, திறந்தே கிடப்பதாகத் தோன்றியதுகூடப் பல துண்டுகளின் கூட்டு வேலை என்று வெளிப்பட்டது. ஒரு துண்டு முக்கியமாக வேரில் திறக்கும், இன்னொன்று இலையில். இரண்டும் சேர்ந்து நிற்பதால் எங்கும் திறந்திருப்பதுபோல் தோன்றுகிறது. புகழ் பெற்ற 1985 கட்டுரையைவிட இந்தப் பின்தொடர்ச்சியைத்தான் நான் மேலாக வைப்பேன்.

காம்பார்க்காரர்களுக்கு 1985 வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். அந்த அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கி, ஈய விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஈயத்தை நம்பியிருந்த ஊர் ஈயத்தை இழந்தது, சுற்றியிருந்த தோட்டங்களிலோ ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதே 1985இல்தான் சிங்கப்பூர் அரசு மூலக்கூறு உயிரியலுக்கென்று ஒரு பெரிய ஆய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தது. நியூயார்க் நாற்காலியை விடாமலே சுவா அங்கேயும் ஒரு குழுவோடு வேலை செய்தார். அந்தக் குழு எடுத்துக்கொண்ட மரம் ரப்பர்.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் பால் என்றால் என்ன என்பதை நம்மில் பலரும் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறோம். அது மரத்தின் சாறு கிடையாது. பட்டைக்குள்ளே, மரக்கட்டையைத் தொடுவதற்கு முன்னால், பால்குழல் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள சுவர் கரைந்துபோய் எல்லாம் ஒரே குழாயாகிவிடுகின்றன. கத்தி ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவும்போது அந்தக் குழாய் திறந்து, செல்லின் உள்ளடக்கமே வெளியே ஓடிவருகிறது. மங்கில் விழுவது உயிருள்ள செல்லின் திரவம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரப்பர், மீதி தண்ணீரும் புரதமும் நொதியும். செல்லின் கருவோ குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். அதனால்தான் அடுத்த வெட்டுக்குள் எல்லாவற்றையும் மறுபடி தயாரித்துக்கொள்ள முடிகிறது. காலை இருட்டில் வெட்டுவதும் இதனால்தான். வெயில் ஏறி இலை வழியாகத் தண்ணீர் போகத் தொடங்குமுன் குழாய்க்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்.

அப்படியானால் பாலில் ஆர்என்ஏயும் இருக்க வேண்டும். ஒரு மரபணு திறந்தால் அதன் நகலாக ஓர் ஆர்என்ஏ உருவாகும், அதைப் பார்த்துத்தான் புரதம் தயாராகும். எந்த மரபணு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அறிய அந்த நகல்களை எண்ணினால் போதும். இலையிலிருந்து எடுக்க இலையை உறையவைத்து அரைக்க வேண்டும். ரப்பர் மரமோ தன் செல்லைத் தானே பிழிந்து கொடுக்கிறது. ஆனால் பாலுக்குள் லூட்டாய்டு என்ற நுண்பைகள் மிதக்கின்றன. அவை வெடித்தால் உள்ளிருக்கும் பொருள் வெளிவந்து பால் கட்டத் தொடங்கும், ஆர்என்ஏயும் சிதையும். பால் உறையாமலிருக்க மங்கில் ரெண்டு சொட்டு அம்மோனியா விடுவது வெட்டுக்காரர் வழக்கம். ஆய்வுக்காரரும் தாமதிக்க முடியாது. வெட்டிய பால் புதிதாய் இருக்கும்போதே ஆர்என்ஏயைப் பிரித்துக் காப்பாற்றியாக வேண்டும். அதற்கு ஒரு முறையை வகுத்தது அனில் குஷ், சை மீ லென் ஆகியோர் இருந்த சுவாவின் குழு.

1990இல் அவர்கள் வெளியிட்ட முடிவைத் தோட்டத்து மொழியில் சொல்லிவிடலாம். ஒரே மரம், ஒரே மரபணுத் தொகுதி. ஆனால் இலையில் ஓடும் கட்டளை வேறு, பாலில் ஓடும் கட்டளை வேறு. ரப்பர் தயாரிப்புக்கு வேண்டிய மரபணுக்களின் நகல்கள் இலையில் இருப்பதைவிடப் பாலில் 20 முதல் 100 மடங்கு. ஒளிச்சேர்க்கை மரபணுக்களோ பாலில் ஏறக்குறைய வாயடைத்துக் கிடந்தன. நியூயார்க்கில் ஆண்டுக்கணக்காக சுவா துரத்திய வெளிச்ச மரபணு இங்கே தேவையே இல்லாத சரக்கு. இன்னொன்றும் தெரிந்தது. நோயையும் பூச்சியையும் எதிர்க்கும் மரபணுக்கள் பாலில் எக்கச்சக்கமாகத் திறந்திருந்தன. அந்தக் குழாய்கள் மரத்தின் காவல்படையாக வேலை செய்கின்றன. நாம்தான் அதை மங்கில் பிடித்து டயராக்கினோம்.

அதே ஆண்டு இன்னொரு கட்டுரை. அமெரிக்காவிலிருந்த நடாஷா ரைக்கெலின் குழுவும் சுவாவின் குழுவும் சேர்ந்து எழுதியது, ஹெவின் என்ற புரதத்தைப் பற்றியது. வெறும் 43 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பொடிப் புரதம் 1960இலேயே ரப்பர் பாலில் கண்டெடுக்கப்பட்டிருந்தது. பூஞ்சையின் சுவரிலும் பூச்சியின் ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற பொருளைப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு. மரத்தைக் காயப்படுத்தினால் ஹெவின் மரபணுவின் நகல் குவிகிறது, எத்திலீன் வாயு பட்டாலும் குவிகிறது, வேரில் மட்டும் அது இல்லை. கத்தியை மரம் பூச்சியின் பல்லாக எடுத்துக்கொள்கிறது என்று சொன்னால் மிகை ஆகாது. 1994இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. லூட்டாய்டு வெடித்து வெளிவரும் ஹெவின், ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று கோத்துப் பால் கட்டத் துணைபோகிறது என்று காட்டியது. வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை விரலால் உரித்து மடியில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்த நம் பெண்கள், தினம் தினம் உரித்தது மரம் தன் காயத்துக்குப் போட்ட கட்டுத்தான்.

மூன்றாவது கட்டுரை 1992இல் சை மீ லென்னின் பெயரை முன்னால் வைத்து வந்தது. இவர் பின்னாளில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ரப்பர் தயாரிப்புப் பாதையின் தொடக்கத்தில் ஒரு நொதி இருக்கிறது, சுருக்கப் பெயர் எச்எம்ஜிஆர். இந்தப் பெயர் உங்களுக்கு அறிமுகம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரை போடுகிறவர் வீட்டில் இருந்தால் அந்த மாத்திரை அடக்குவது மனித ஈரலில் உள்ள இதே நொதியைத்தான். ரப்பர் மரத்தில் இதற்கு மூன்று மரபணு. ஒன்று பால்குழலில் அதிகம் திறந்து, எத்திலீன் பட்டால் இன்னும் திறக்கிறது. இன்னொன்று செல்லின் அன்றாட வீட்டு வேலைக்கு. ஒரே நொதிக்கு வேலை பிரித்துக்கொண்ட மரபணுக்கள், வேறு வேறு புரமோட்டர்கள்.

எத்திலீன் என்றதும் பழைய வெட்டுக்காரருக்கு ‘மருந்து’ ஞாபகம் வரும். பட்டையை லேசாகச் சுரண்டிவிட்டு வெட்டுக்கு அருகில் தூரிகையால் பூசுகிற அந்த எத்ரெல், செல்லுக்குள் போய் எத்திலீனாக மாறும். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் 1968இல் ஆப்ரகாம், வைச்செர்லி, பாக்கியநாதன் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த வழக்கத்தின் கதை தொடங்குகிறது. மருந்தைக் குழைக்கப் பயன்பட்டது செம்பனை எண்ணெய் என்பது பேராக் தோட்டங்களின் பின்கதை தெரிந்தவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். மருந்து போட்டால் பால் நீண்ட நேரம் ஓடும், கிராணி பால் ஸ்டோரில் கணக்கு எழுதும்போது முகம் மலரும். அளவு மீறினால் பட்டை காய்ந்து மரம் படுத்துவிடும்.

மருந்து ரப்பர் மரபணுவைத் திறந்துவிடுகிறது, அதனால் பால் கூடுகிறது என்று 1992 கட்டுரையை வைத்து முடிவு கட்டிவிடலாமா? நானும் அப்படித்தான் எழுத ஆசைப்படுவேன், கதை அழகாக முடியும். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள், குறிப்பாக 2009இல் சீன ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டியது, வேறு பக்கம் போகிறது. குழாய்க்குத் தண்ணீரும் சர்க்கரையும் வேகமாக வந்து சேர்வதும், வெட்டுவாய் அடைபடத் தாமதமாவதும்தான் உடனடிப் பலனுக்கு முக்கியக் காரணம், ரப்பர் மரபணுக்களின் பங்கு அங்கே சிறிது என்கிறது அது. மேலே பாதி விடை என்றேனே, அது இதைத்தான்.

சுவா ரப்பரோடு நின்றுவிடவில்லை. வெளிச்சத்தை உணரும் ஃபைட்டோகுரோம், செடிக்குள் செய்தியைக் கால்சியம் வழியாகக் கடத்துவதை 1994இல் அவர் குழு காட்டியது. ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள் ஒன்றைக் கொடுத்தால் மட்டும் திறக்கும் செயற்கைப் புரமோட்டர் ஒன்றை 2000இல் உருவாக்கினார்கள், இன்றும் தாவர ஆய்வுக்கூடங்களில் அது புழங்குகிறது. 1988இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 2005இல் ஜப்பானின் அனைத்துலக உயிரியல் பரிசு, சிங்கப்பூரில் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடம். பட்டியல் நீளும், நமக்கு அதில் வேலை இல்லை.

நம் மண்ணில் அந்த 35எஸ்ஸின் கதை தொடர்ந்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆரோக்கியராஜ் குழு 1994இல் ரப்பர் மரத்துக்குள் அந்நிய மரபணுவைப் புகுத்தியதை வெளியிட்டது. ஆரோக்கியராஜ் என்ற பெயரை ஒரு தாவர ஆய்விதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியராகப் பார்க்கும்போது, தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ரப்பர் பூவின் மகரந்தப் பையிலிருந்து திசு வளர்த்து, அதில் மரபணுவை ஏற்றி, செடியாக்குவது அவர்கள் வழி. 1998இல் வந்த கட்டுரை நேராக நம் கதைக்குள் வருகிறது: 35எஸ்ஸைக் கட்டி அனுப்பிய ஒரு நொதி, ரப்பர் மரத்தின் பாலிலேயே வேலை செய்தது. இலையிலும் வேரிலும் திறக்கும் அந்த வைரஸ் புரமோட்டருக்குப் பால்குழலும் விலக்கில்லை.

நோக்கம் ரப்பர் கூட்டுவது மட்டும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினாலும் சாகாத மரம், ஒட்டுக்கட்டினால் ஒன்று ஆயிரமாகும் மரம். மருந்துக்குத் தேவையான புரதத்தை அதன் பாலில் சுரக்கவைத்தால் என்ன? 2002இல் மனித ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தை மாற்று மரபணு ரப்பர் மரத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள். காயம்பட்டவருக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஏற்றப்படுகிற அதே அல்புமின்.

அதற்குள் கத்தி பிடிக்கும் கைகள் நகர்ந்துவிட்டன. கன்று நட்டு முதல் வெட்டுக்கு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டிய பயிர், மாற்று மரபணு மரத்தை வெளியே நடுவதற்கான கட்டுப்பாடு, செம்பனையின் விலை, லயத்தைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன குடும்பங்கள். உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடம் 1990களின் தொடக்கத்திலேயே தாய்லாந்துக்குப் போயிருந்தது. நம் கையுறை ஆலைகளுக்குப் பாலே இறக்குமதி ஆகிறது. ஆர்ஆர்ஐஎம் 600 ரகத்தின் மரபணுத் தொகுதியின் வரைவைப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்டபோது, காம்பாரைச் சுற்றி அந்த ரகத்தை வெட்டிய தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைத் தோட்டங்களாகியிருந்தன. பழைய லம்பக் குளங்களைச் சுற்றி 2007இல் எழுந்த துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு 35எஸ் பாடப்புத்தகத்துச் சங்கதி. பாட்டி மங்கில் பிடித்த பாலுக்கும் அதற்கும் உள்ள உறவை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஹெவினை இத்தோடு விட்டுவிட முடியாது. எய்ட்ஸ் பயத்தில் 1980களின் பிற்பாதியில் உலக மருத்துவமனைகளெல்லாம் மலேசியக் கையுறைகளை வாங்கிக் குவித்தபோது, தாதியர் கைகளில் தடிப்பும் சிலருக்கு மூச்சுத்திணறலும் வரத் தொடங்கின. மரம் தன் காவலுக்கு வைத்த அந்தப் பொடிப் புரதமே அதற்கான முக்கியக் காரணிகளில் ஒன்று என்று ஆய்வுகள் காட்டின. சுங்கை பூலோவின் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அதை எப்படி எதிர்கொண்டது என்பது அடுத்த வாரம்.